நாற்பதாயிரம் ரூபாய் மடிக்கணினிக்கு ஐந்தாண்டுச் செலவுக் கணக்கு

கடையில் சொல்லும் விலை 40,000 ரூபாய். பில்லைப் பிரித்துப் படித்தால் அதற்குள் இரண்டு தொகைகள் இருக்கும். பொருளின் விலை 33,898. சரக்கு சேவை வரி 18 விழுக்காடு வீதம் 6,102. தொழில் நடத்துகிறவர் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் போட்டால் இந்த வரியைப் பின்னால் கழித்துக்கொள்ள வழி உண்டு. கல்லூரியில் சேர்ந்த மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் அப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. கடை வாசலைத் தாண்டுமுன்பே ஆறாயிரம் போய்விட்டது.

அந்த அப்பாவுக்கும் மகளுக்குமாகப் போட்ட கணக்கு இது. வரி, மின்சாரம், பேட்டரி ஆகியவற்றின் எண்கள் பெருக்கியும் வகுத்தும் சரிபார்க்கக் கூடியவை. உதிரிப் பொருள், பழுதுபார்ப்புச் செலவுகள் மட்டும் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தையில் நடுத்தரமாக ஆகக்கூடிய தொகை என்று நானாக வைத்துக்கொண்டவை. மாடலுக்கு மாடல் அவை ஏறும், இறங்கும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். மடிக்கணினி விஷயத்தில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் சுமைகூலி இல்லாமலும் இல்லை. முதல் வாரத்தில் வாங்க வேண்டியவை:

வயர் உள்ள மவுஸ் – 350
மெத்தென்ற உறை – 500
எர்த் இணைப்புள்ள ஸ்பைக் கார்டு – 500
உயர்த்தி வைக்கும் ஸ்டாண்டு – 600
துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியும் சிறு பாட்டில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் – 200
1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் – 5,000
மொத்தம் – 7,150

இதோடு உத்தரவாதத்தை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக நீட்டிக்க 3,500 ரூபாய் சேர்த்தால் 10,650. மடிக்கணினி விலையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போகிறது. பலரும் இந்தப் பட்டியலில் மவுஸை மட்டும் வாங்கிக்கொண்டு, திரைக்கு ஒட்டும் படலம், மூடிக்கு ஒட்டும் வண்ணத் தோல், விசைப்பலகைக்கு ரப்பர் மூடி என்று ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள். விசைப்பலகை வழியாகவும் காற்று போய்வரும்படி அமைந்த மாடல்கள் உண்டு. அவற்றில் ரப்பர் மூடி சூட்டைத்தான் கூட்டும். அந்த ஆயிரத்தை ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்து வைக்கலாம்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. சார்ஜரின் முதுகில் உள்ள சிறு எழுத்தைப் படித்துப் பாருங்கள்: உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். மின்னழுத்தம் 170க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். அடுத்த வரியில் வெளியீடு இருக்கும். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். 19 வோல்ட், 2.37 ஆம்பியர் என்றால் 45 வாட். மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. இந்தப் பெருக்கல் தெரியாமல் 600 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்கி மாட்டி, தாய்ப்பலகையைக் கருக்கியவர்கள் உண்டு. தாய்ப்பலகை மாற்ற 12,000 ரூபாய்க்குக் குறைந்து கேட்க மாட்டார்கள். உலோக உடல் கொண்ட கணினியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத இடத்தில் செருகியிருப்பார்கள். 500 ரூபாய் ஸ்பைக் கார்டும் சுவரில் ஒழுங்கான எர்த் இருந்தால்தான் பயன்படும்.

முதல் நாள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று கடைப்பையன் இன்னமும் சொல்லக்கூடும். அது நிக்கல் பேட்டரி காலத்துப் பாடம். இன்றைய லித்தியம் அயன் பேட்டரிக்கு அப்படி ஒரு சடங்கும் வேண்டியதில்லை. முதல் நாள் செய்ய வேண்டியது வேறு. கணினியின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, பில்லைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு 48 இலக்கங்களைத் தேட வேண்டும்.

அது என்ன 48? விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே வட்டில் உள்ள எல்லாமும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். எல்லாம் சரியாக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தாய்ப்பலகை மாற்றினாலோ, சில சமயம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகோ, நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். கணக்கைத் திறந்து கொடுத்தது கடைப்பையன், கடவுச்சொல் யாருக்கும் ஞாபகமில்லை என்றால் மூன்று வருடப் படங்களும் புராஜெக்டும் போனதுதான். ரிச்சி தெருவில் எந்தக் கில்லாடியாலும் திறக்க முடியாது. எண்ணை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வைக்கச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்து, ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்ற வைக்கும் ஒரு எண். 512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி, திரையில் 476 என்று காட்டும். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. 256 ஜிபி வாங்கியவருக்கு 238 தெரியும். அதில் விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் அப்டேட் மிச்சங்களுமாக 40, 50 ஜிபி போய்விடும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் வேகம் குறையாமல் இருக்கும். ஆக 256 ஜிபி வட்டில் கைக்கு வருவது ஏறக்குறைய 140.

அது எவ்வளவு பெரிது? தமிழில் தட்டச்சு செய்பவருக்குக் கடல் மாதிரி. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஒரு சொல்லுக்குச் சராசரியாக எட்டுக் குறியீடு, ஓர் இடைவெளி என்று வைத்தால் 25 பைட். அறுபதாயிரம் சொல் கொண்ட நாவல் 15 லட்சம் பைட், அதாவது ஒன்றரை எம்பி. கைபேசியில் எடுத்த ஒரு படம் 3 எம்பி. இரண்டு நாவல் சேர்ந்தால்தான் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு இலைப் படம் ஒன்றுக்கு ஈடாகிறது. வட்டை நிரப்புவது எழுத்தல்ல. வாட்ஸாப்பிலிருந்து இறங்கும் வீடியோதான்.

எழுத்து என்றதும் சொல்லிவிடுகிறேன். தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கிவிடும். 1999இல் தமிழக அரசு ஏற்ற முறை இது. விண்டோஸிலேயே இருக்கிறது, விலை சுழியம். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையோடு ஒப்பிட்டால் தட்டும் எண்ணிக்கையும் குறைவு. மகள் முதல் மாதத்திலேயே இதைப் பழகிவிட்டால் நல்லது. பின்னால் மாற மனம் வராது.

எஸ்எஸ்டி தேய்ந்து போகும் என்று ஒரு பயம் உலவுகிறது. 512 ஜிபி வட்டுகளில் 150 டிபி எழுதும்வரை தாங்கும் என்பது சாதாரணமான உறுதிமொழி. தினம் 20 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டிபி, 150ஐ எட்ட 20 ஆண்டு. அதற்குள் மகள் வேலைக்குப் போய், அவள் பிள்ளைக்கு மடிக்கணினி கேட்பாள். தேய்மானத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது முன்னறிவிப்பில்லாமல் ஒரே நாளில் சாகும் குணம் உள்ளது. 5,000 ரூபாய் வெளி ஹார்டு டிஸ்க் அதற்காகத்தான். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறதே என்பார்கள். அது மின்னஞ்சல், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15. பாடக் குறிப்புகளுக்குப் போதும்.

8 ஜிபி ரேமில் விண்டோஸ் சும்மா இருக்கும்போதே மூன்று, நான்கு ஜிபி எடுத்துக்கொள்கிறது. இருபது தாவல் திறந்த உலாவி இன்னும் இரண்டு, மூன்று. மிச்சம் சொற்பம். எனவே வாங்கும்போதே ‘ரேம் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா, பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்களா’ என்று கேட்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று குறைத்து வாங்குவது முன்புபோல் கட்டுபடியாகாது.

மின்சாரக் கணக்கு சின்னது. படிப்பு, எழுத்து, வீடியோ வகுப்பு என்று சாதாரண வேலைக்கு 15 வாட் வைத்துக்கொள்ளலாம். தினம் ஆறு மணி நேரம் என்றால் 90 வாட் மணி. சார்ஜரிலும் பேட்டரியிலும் போகிற சேதாரம் சேர்த்து 105. ஆண்டுக்கு 38 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 190 ரூபாய். அதே ஆறு மணி நேரம் தலைக்கு மேல் சுற்றும் 75 வாட் பழைய மின்விசிறி 164 யூனிட் இழுக்கும். திரையோடு சேர்த்து 100 வாட் இழுக்கும் மேசைக்கணினி என்றால் 219 யூனிட். கரண்ட் பில் ஏறியதற்கு மடிக்கணினியைத் திட்டுவதில் நியாயமில்லை.

பணம் கரைகிற இடம் பேட்டரி. அதை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

45 வாட் மணி பேட்டரியை 15 வாட் வேலைக்கு விட்டால் மூன்று மணி நேரம் வரும். பெட்டியின் மேல் பத்து மணி நேரம் என்று எழுதியிருப்பது வெளிச்சத்தை அடியோடு குறைத்து ஒரு வீடியோவை மட்டும் ஓடவிட்டு அளந்தது. பேட்டரி 80 விழுக்காட்டுக்கு வந்துவிட்டால் 36 வாட் மணி, இரண்டு மணி 24 நிமிடம். 60க்கு வந்தால் ஒரு மணி 48 நிமிடம். ஒரு செமினார் தாங்காது.

சாதாரண மடிக்கணினி பேட்டரிக்கு 300 முதல் 500 சுழற்சி வரை ஆயுள் சொல்வார்கள். அதற்குமேல் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு இறங்கும். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்கு 1,000 சுழற்சி சொல்கிறது. சுழற்சி என்பது பிளக்கை எத்தனை முறை செருகினோம் என்பதல்ல. 100லிருந்து 50 வரை இரண்டு நாள் இறக்கினால்தான் ஒரு சுழற்சி. தினம் முழுதாகக் காலி செய்தால் 500 சுழற்சி 16 மாதத்தில் தீரும். தினம் பாதி என்றால் 1,000 நாள், இரண்டே முக்கால் ஆண்டு.

சுழற்சியை மட்டும் பார்த்தால் எப்போதும் சார்ஜரிலேயே விட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் வெப்பம் வருகிறது. லித்தியம் அயன் பேட்டரியை ஓராண்டு சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதற்குத் துறையில் பலகாலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரி வெப்பத்தில், 40 விழுக்காடு சார்ஜில் வைத்தால் 96 மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி ஆனால், 40 விழுக்காடு சார்ஜில் 85. முழுச் சார்ஜும் 40 டிகிரியும் சேர்ந்தால் 65 மட்டுமே.

ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் இந்த இழப்பு! 96க்கும் 65க்கும் இடையே 31 விழுக்காடு. மாற்றுப் பேட்டரி 3,500 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1,085 ரூபாய் ஆவியாகிறது. இந்தக் கணக்கைக் குளிர்நாட்டில் இருப்பவர் படித்துவிட்டுப் போகலாம். வேலூரிலும் கரூரிலும் மதுரையிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது வானிலை அறிக்கையில் வழக்கமான எண். ஓட்டு வீட்டிலும் மொட்டை மாடி அறையிலும் இரவுகூடச் சூடு தணிவதில்லை. ஆப்பிள் போன்ற தயாரிப்பாளர்கள் கணினியை 35 டிகிரி வரையிலான அறையில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நம் கோடையில் பல வீடுகளுக்கு அது எட்டாத நிபந்தனை. வெப்பத்தை நாம் குறைக்க முடியாது. சார்ஜைக் குறைக்கலாம்.

80 விழுக்காட்டோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி லெனோவோ, ஆசஸ், டெல் உள்ளிட்ட பல நிறுவனங்களின் கணினிகளில் அவரவர் செயலியிலோ பயாஸிலோ இருக்கிறது. ஒரு நிமிட வேலை. வீட்டில் எப்போதும் பிளக்கில் இருப்பவருக்கு இதைவிட லாபமான நிமிடம் இல்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கணினியை விட்டுப் போவதென்றால் பாதி சார்ஜில் முழுவதுமாக அணைத்து, வெயில் படாத கீழ் அலமாரியில் வைக்க வேண்டும். காரின் பின் சீட்டில் வேண்டவே வேண்டாம். மூடியை மூடினால் கணினி தூங்குகிறது, அணைவதில்லை. தூக்கத்திலிருந்து விழித்துப் பைக்குள்ளேயே கொதித்துக் கிடப்பது உண்டு. பேருந்துப் பயணத்துக்கு முன் ஷட் டவுன் கொடுத்து விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு பையில் வையுங்கள்.

மெத்தைமேல் வைத்துப் பார்ப்பதும் இதே வகைதான். காற்று இழுக்கும் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம். போர்வை அதை அடைத்தால் செயலி 95, 100 டிகிரியைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘வாங்கி இரண்டு வருடத்தில் ஸ்லோ ஆகிவிட்டது’ என்ற புகாரில் ஒரு பகுதி வைரஸ் அல்ல, விசிறியில் படிந்த பஞ்சு. இரண்டாண்டுக்கு ஒருமுறை திறந்து தூசி தட்டி வெப்பப் பசை மாற்ற 800 ரூபாய்.

உடைகிறவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசைப்பலகைமேல் பேனாவோ இயர்போனோ இருப்பதைப் பார்க்காமல் மூடினால் திரை கீறும்: 5,500 ரூபாய். திரையை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கித் திறந்தால் கீல் தளரும்: 2,000. நடுவில் பிடித்துத் திறக்கச் செலவில்லை. பால் டீ கொட்டினால் தாய்ப்பலகை. உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து விநாடிக்குமேல் அழுத்தி அணைத்து, கூடாரம் போலக் கவிழ்த்து வைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். அரிசி மூட்டையில் புதைப்பது வேலைக்காகாது. ஈரம் போனாலும் சர்க்கரையும் பாலும் பலகையிலேயே இருந்து அரிக்கும். சாதாரண உத்தரவாதம், நீட்டித்ததும்கூட, டீக்கும் கீழே விழுந்ததற்கும் பொருந்தாது. விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு.

இனி இரண்டு பேரின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இருவரும் வாங்கியது ஒரே 40,000 ரூபாய் கணினி.

பார்த்துப் புழங்குகிறவர்:
கணினி – 40,000
முதல் வாரச் சாமான்கள் – 7,150
உத்தரவாத நீட்டிப்பு – 3,500
ஐந்தாண்டு மின்சாரம் – 1,000
தூசி தட்டல், இரண்டு முறை – 1,600
நான்காம் ஆண்டில் பேட்டரி – 3,500
மொத்தம் – 56,750

பாராமல் புழங்குகிறவர்:
கணினி – 40,000
மவுஸ் – 350
மூன்றாண்டு மின்சாரம் – 600
திரை – 5,500
கீல் – 2,000
இரண்டாம் ஆண்டிலேயே பேட்டரி – 3,500
மொத்தம் – 51,950, மூன்றாம் ஆண்டு இறுதியில் டீ

இரண்டாமவர் 4,800 ரூபாய் குறைவாகச் செலவழித்திருக்கிறார். ஆண்டுக்கு வகுத்தால் முதலாமவருக்கு 11,350, இரண்டாமவருக்கு 17,317. நாளுக்கு 31 ரூபாய், 47 ரூபாய். இரண்டாமவரிடம் ஹார்டு டிஸ்க் இல்லாததால் போன கோப்புகளுக்கு நான் விலை போடவில்லை.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு தேதி: 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு அன்றோடு முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் ஏறக்குறைய எதற்கும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. 15,000 ரூபாய்க்கு ‘ஐ5’ என்று காட்டினால் எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும். ஆறு, ஏழு என்றால் லினக்ஸ் போட்டு ஓட்டத் தயாராக இருப்பவர் மட்டும் வாங்கலாம். அவர்களுக்கு அது நல்ல பேரம்தான்.

கடைசியாக, விலை கொடுக்காமல் வாங்குகிறவர்கள். தமிழ்நாட்டில் அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது 2011 செப்டம்பர் 15இல். அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டு, பிறகு நின்றது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டாண்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ என்று அறிவித்து, அந்த ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். முதல் ஆண்டில் பாதிப் பேர் என்று வைத்தால் தலைக்கு 20,000 ரூபாய். பழைய திட்டத்தின் கணினிகள் பேட்டரி செத்ததும் அலமாரியில் ஏறியதைப் பல வீடுகளில் பார்க்கலாம். மாற்றுப் பேட்டரிக்கு 3,500 ரூபாய் எடுத்து வைக்க முடியாத வீடுகள்தான் அவை. ஒரு முழுக் கணினி 3,500 ரூபாய் இல்லாமல் நிற்கிறது. கொள்முதல் செலவில் ஒரு சிறு பங்கைக் கல்லூரிதோறும் பேட்டரிக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்கியிருந்தால் அவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கொடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்குகிற மாணவர்களிடம் கேட்பது இரண்டு. இன்றைக்கே சார்ஜ் வரம்பை 80க்கு வையுங்கள். 48 இலக்கங்களைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். கையில் மிச்சம் ஐயாயிரம் ரூபாய் இருந்தால் முதலில் வெளி ஹார்டு டிஸ்க். மவுஸும் ஸ்டாண்டும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.